பேட்மேனின் பணத்தைப் பிடுங்கிவிட்டால்

அமெரிக்க சூப்பர்ஹீரோ காமிக்ஸைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு "புத்தம் புதிய 1-ஆம் இதழ்" என்றாலே கொட்டாவி வரும். சில வருடங்களுக்கு ஒரு முறை எண்களை அழித்துவிட்டு ஒன்றிலிருந்து ஆரம்பிப்பார்கள். அட்டையில் பளபளப்பு ஏறும், ஒரே இதழுக்கு வரிசையாக மாற்று அட்டைகள் வரும். உள்ளே போனால் பேட்மேனின் அதே பழைய வில்லன் ஜோக்கர், அதே ஆர்க்கம் மனநலக் காப்பகத்திலிருந்து இன்னொரு முறை தப்பித்துக்கொண்டிருப்பான்.

இந்த ரகத்தில் சேராத சில புத்தகங்கள் 2024-லிருந்து வரத் தொடங்கின. டிசி பதிப்பகத்தின் 'அப்சல்யூட்' வரிசை ஒன்று, மார்வெல் பதிப்பகத்தின் புதிய 'அல்டிமேட்' வரிசை இன்னொன்று. எல்லாமே பிரமாதம் என்று சொல்ல மாட்டேன். அதிகம் விற்கிற புத்தகம் நல்ல புத்தகம் என்றும் ஒப்புக்கொள்ள மாட்டேன். கதையின் முடிச்சுகளைத் தொடாமல் இதைப் பேச முடியாது என்பதால், இனிமேல்தான் படிக்கப் போகிறேன் என்பவர்கள் இங்கேயே திரும்பிவிடலாம்.

அப்சல்யூட் எப்படி ஆரம்பித்தது என்று சொல்லிவிடுகிறேன். 2024 அக்டோபர் 2 அன்று 'டிசி ஆல் இன் ஸ்பெஷல்' என்று ஒரு தனி இதழ் வந்தது. ஸ்காட் ஸ்னைடரும் ஜோஷுவா வில்லியம்சனும் எழுதியது. ஒரு பக்கம் திறந்தால் டிசி நாயகர்களின் கூட்டணியான ஜஸ்டிஸ் லீக்கின் கதை. புத்தகத்தைத் தலைகீழாகத் திருப்பிப் பின்னட்டையிலிருந்து திறந்தால் அதே சம்பவம் டார்க்சைடு என்ற வில்லனின் பக்கத்திலிருந்து. முதல் பாதியை டேனியல் சம்பேரே பளிச்சென்று வரைந்திருப்பார், டார்க்சைடின் பாதியை வெஸ் கிரேக் கரடுமுரடாக வரைந்திருப்பார். டார்க்சைடு செத்து, அவனுடைய சக்தியில் ஓர் உலகம் பிறக்கிறது. நம்பிக்கைக்குப் பதிலாக நெருக்கடியே அஸ்திவாரமான உலகம். அதுதான் அப்சல்யூட் கதைகள் நடக்கும் இடம். இந்த அண்ட சராசர விளக்கம் எல்லாம் தெரியாவிட்டால் ஒன்றும் குடிமுழுகிப் போகாது. நாயகர்களின் புத்தகங்களுக்கு நேராகப் போகலாம்.

சூத்திரம் எளிமையானது. ஒவ்வொரு நாயகனுக்கும் எது பக்கபலமோ அதைப் பிடுங்கிவிடு. பேட்மேனிடமிருந்து பணம், மாளிகை, வீட்டோடு இருக்கும் வேலைக்காரர் ஆல்ஃபிரட். வொண்டர் வுமனிடமிருந்து அம்மா, தீவு, சகோதரிகள். சூப்பர்மேனிடமிருந்து கான்சாஸ் பண்ணை வீட்டில் கழிந்த குழந்தைப் பருவம். பிடுங்குவது யாருக்கும் கைவரும். பிடுங்கிய இடத்தில் எழுத்தாளர் என்ன நடுகிறார் என்பதில்தான் இந்தப் புத்தகங்கள் ஒன்றுக்கொன்று மாறுபடுகின்றன. என் கட்சியும் அதுதான்: இழப்பு ஆளின் குணத்தை மாற்றியிருக்கும் இடத்தில் கதை நிற்கிறது, ஆளின் அளவை மட்டும் பெருக்கியிருக்கும் இடத்தில் சத்தம்தான் மிஞ்சுகிறது.

ஊரே பேசும் 'அப்சல்யூட் பேட்மேன்' முதலில். எழுத்து ஸ்னைடர், ஓவியம் நிக் டிரகோட்டா, வண்ணம் ஃபிராங்க் மார்ட்டின். முகமூடிக்குள் இருக்கும் புரூஸ் வெய்னுக்கு வயது 24, நகரக் கட்டுமான வேலைகளில் இருக்கும் பொறியாளன். அப்பா தாமஸ் வெய்ன் பழைய கதையில் போல டாக்டர் இல்லை, பள்ளிக்கூட வாத்தியார். பிள்ளைகளை மிருகக்காட்சிசாலைக்குக் கூட்டிப்போன இடத்தில் துப்பாக்கிச் சூடு நடக்க, அவர்களைக் காப்பாற்றப் போய்ச் சாகிறார். அம்மா மார்த்தா உயிரோடு இருக்கிறார். வழக்கமாகப் போலீஸ் கமிஷனராக வரும் ஜிம் கார்டன்தான் மேயர், மார்த்தாவுக்கு அவரிடம் வேலை. ஆல்ஃபிரட் பிரிட்டிஷ் உளவுத்துறை ஆள். இந்தப் புது முகமூடிக்காரனைக் கண்காணிக்க வந்து, கதையை நமக்குச் சொல்பவராகவும் ஆகிவிடுகிறார்.

முதல் இதழில் எல்லோரும் பேசியது அந்தக் கோடரியைத்தான். பேட்மேனின் மார்பில் இருக்கும் வௌவால் சின்னம் ஒரு கனத்த இரும்புப் பட்டை. சண்டை நடுவே அதைக் கழற்றிக் கைப்பிடியில் மாட்டினால் கோடரி. முகமூடியின் காதுகளைப் பிடுங்கினால் கத்திகள். உடம்பில் ஒட்டியிருக்கும் எல்லாமே ஆயுதம். பெல்ட்டுக்குள் விதவிதமான சாமான்களோடு திரிந்த பணக்காரப் பேட்மேனைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இது சட்டென்று புரியும்: இவன் பட்டறையில் கிடைத்ததை வைத்துத் தானே அடித்துச் செய்துகொண்டவன். டிரகோட்டா ஒரே பக்கத்தைச் சின்னச் சின்னக் கட்டங்களாக நறுக்கி, கண் வேகமாக ஓடும்போது திடீரென்று கருங்கல் பாறை மாதிரி ஒரு உருவத்தை முழுப் பக்கத்துக்கு நிறுத்துவார். ஜப்பானிய மாங்காவின் வேகம் அதில் தெரியும்.

ஆனால் ஒரு சந்தேகம் எனக்குத் தீரவே இல்லை. இந்தப் பேட்மேனின் வண்டி, சுரங்கத்தில் மண் அள்ளுகிற ராட்சத லாரி அளவு. சரி, கட்டுமானத் துறை ஆள், எங்கிருந்தோ பிடித்திருப்பான் என்று வைத்துக்கொள்வோம். டீசல் யார் போடுகிறார்கள்? பணம் இல்லை என்று சொல்லிவிட்டு, பணக்காரனிடமும் இல்லாத அளவில் சாமான்களைக் காட்டுவது கொஞ்சம் அழுகுணி ஆட்டம். புரூஸின் உடம்பும் அப்படித்தான். கதவுக்குள் நுழைய முடியாத தோள். வறுமையின் இடத்தில் ஸ்னைடர் பல இடங்களில் பருமனை வைத்துவிடுகிறார்.

இந்தப் புத்தகத்தை நான் விடாமல் படிப்பதற்குக் காரணம் வேறு. அம்மாவும் நண்பர்களும்தான். வேய்லன் ஜோன்ஸ், ஆஸ்வால்ட் காபில்பாட், எட்வர்ட் நிக்மா, ஹார்வி டென்ட், செலினா கைல். பேட்மேன் படிப்பவர்களுக்கு இந்தப் பெயர்கள் எல்லாம் வில்லன் பட்டியல். கில்லர் கிராக், பெங்குவின், ரிட்லர், டூ-ஃபேஸ், கேட்வுமன். இங்கே இவர்கள் புரூஸோடு ஒரே பேட்டையில் வளர்ந்த சேக்காளிகள். அவர்கள் உட்கார்ந்து ஒருவரை ஒருவர் கலாய்க்கும் காட்சிகளில் ஒரு பதைப்பு இருக்கிறது. இவர்கள் எங்கே போய் முடிவார்கள் என்று நமக்குத் தெரியும் என்று நினைக்கிறோம், அந்த முன்அறிவை வைத்தே ஸ்னைடர் நம்மை ஆட்டுகிறார். பணக்காரப் புரூஸுக்கு வேலைக்காரர்தான் குடும்பம். இவனுக்கு இழப்பதற்கு ஆட்கள் இருக்கிறார்கள். இதுதான் நல்ல நடவு.

பேன் (Bane) என்ற ராட்சத வில்லன் வரும் பகுதியில், அதாவது 9-ஆம் இதழிலிருந்து, இந்த நல்ல நடவின் மேல் லாரியை ஏற்றிவிட்டார்கள் என்பது என் குறை. பேன் அந்த நண்பர்களைத் தேடிப்பிடித்துச் சிதைக்கிறான். வேய்லன் முதலையாக்கப்படுகிறான். முதல் முறை நெஞ்சு அடைத்தது. அடுத்தடுத்த நண்பர்களுக்கும் இதே கதி என்றபோது, ஒருவரின் வேதனை இன்னொருவரின் வேதனையைத் தின்றுவிட்டது. பேன் ஒவ்வொரு இதழிலும் ஒரு சுற்றுப் பெருக்கிறான், பேட்மேனும் ஈடுகொடுத்துப் பெருக்கிறான். டிரகோட்டாவின் கை அசராமல் ஓடுகிறது என்பதை மறுக்க முடியாது. ஆனாலும் அதற்கு முன்னால், மார்க்கோஸ் மார்ட்டின் வரைந்த 7, 8 இதழ்களின் மிஸ்டர் ஃப்ரீஸ் என்ற பனி வில்லனின் கதைதான் எனக்கு அதிகம் பயம் காட்டியது. அங்கே யாரும் யாரைவிடவும் பெரிதாக வேண்டியிருக்கவில்லை.

இப்போது நான் பரிந்துரைக்க வந்த புத்தகம்: 'அப்சல்யூட் வொண்டர் வுமன்'. எழுத்து கெல்லி தாம்சன், ஓவியம் ஹேடன் ஷெர்மன், வண்ணம் ஜோர்டி பெல்லேர். 2025-இல் சிறந்த புதிய தொடருக்கான ஐஸ்னர் விருது, அதாவது காமிக்ஸ் உலகின் ஆஸ்கர், இதற்குத்தான் கிடைத்தது. விருது கிடைத்த பிறகும் பேட்மேனுக்கு இருக்கும் கூச்சலில் கால்வாசி இதற்கு இல்லை.

கிரேக்கப் புராணத்துப் போர்ப் பெண்களான அமேசான்களின் கடைசி வாரிசு, பின்னாளில் வொண்டர் வுமன் ஆகப்போகும் குழந்தை டயானாவை, கிரேக்கக் கடவுள் அப்போலோ நரகத்தில் இருக்கும் ஒரு காட்டுத் தீவுக்குத் தூக்கி வந்து, அங்கே சிறைப்பட்டிருக்கும் சூனியக்காரி சர்சியிடம் விட்டுவிட்டுப் போகிறான். 'அமேசான்' என்ற சொல்லைக்கூட உச்சரிக்க முடியாதபடி தடை. சர்சிக்குப் பிள்ளை வளர்க்கும் ஆசையெல்லாம் இல்லை, தலையில் கட்டிவிட்டார்களே என்ற எரிச்சல்தான். குழந்தையோ நரகத்தின் ஜந்துக்களைப் பார்த்து அழாமல் சிரிக்கிறது. அந்த மந்திரக்காரி மெல்ல மெல்ல அம்மாவாக மாறுவதைத் தாம்சன் ஒரு பிரசங்கமும் இல்லாமல் சொல்லிவிடுகிறார்.

வளர்ந்த டயானாவைப் பார்த்தால் மிரட்டலாக இருக்கும். எலும்புக்கூடான பெகாசஸ் என்ற பறக்கும் குதிரை, ஆளைவிடப் பெரிய வாள், உடம்பில் மந்திரக் குறிகள். வாயைத் திறந்தால் அவளைவிடப் பண்பான ஆள் இந்த வரிசையிலேயே கிடையாது. நரகத்தில் வளர்த்தாலும் பிள்ளை நல்ல பிள்ளையாகத்தான் வளர்ந்திருக்கிறது. பேட்மேனிடமிருந்து பிடுங்கியபோது கோபம் கூடியது. டயானாவிடமிருந்து பிடுங்கியபோது, அவளுடைய கருணை பரம்பரைச் சொத்து இல்லை, சர்சியின் வளர்ப்பு என்று ஆகிவிட்டது. பழைய கதையில் தேவதைகள் மாதிரியான பெண்கள் நடுவே வளர்ந்தவள் நல்லவளாக இருப்பதில் என்ன ஆச்சரியம்? இங்கே அது ஒவ்வொரு பக்கத்திலும் ஆச்சரியம்தான்.

ஒரு காட்சியை மட்டும் சொல்கிறேன். ஸ்டீவ் டிரெவர் என்ற விமானி நரகத்தில் வந்து விழுகிறான். அவனைத் திரும்ப மேலே அனுப்ப மந்திரம் இருக்கிறது, அதற்குக் காணிக்கை வேண்டும். டயானா தன் கையைக் கொடுக்கிறாள். இதைத் தியாகம் தியாகம் என்று யாரும் முழங்குவதில்லை. கொடுக்க வேண்டியிருந்தது, கொடுத்தாள் என்பது மாதிரி நடந்து முடிகிறது. அப்புறம் வருவது மந்திரத்தால் ஆன கை. முத்து காமிக்ஸில் இரும்புக்கை மாயாவியைப் படித்து வளர்ந்த நமக்கு இந்த விஷயம் கொஞ்சம் கூடுதலாகவே தைக்கும். மாயாவிக்குக் கை போனதும் விபத்து, மறையும் சக்தி வந்ததும் விபத்து. டயானாவின் கை அவளாக எடுத்துவைத்த விலை. அவளுடைய மந்திரம் எல்லாமே இப்படித்தான், எதுவும் இலவசம் கிடையாது. அதனால் ஒவ்வொரு சண்டையிலும், இப்போது எதைக் கொடுக்கப் போகிறாள் என்ற கேள்வி கூடவே ஓடுகிறது. எவ்வளவு பெரிய அரக்கன் வந்தாலும் இந்தக் கேள்விதான் பெரிது. பேன் கதையில் எனக்குக் கிடைக்காதது இதுதான்.

ஷெர்மனைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும். இவர் பக்கத்தில் கட்டங்கள் நேராக நிற்பதே அபூர்வம். வட்டமாகும், சாயும், டயானாவின் வாள் வீச்சோடு சேர்ந்து வளையும். ஆனாலும் அடுத்து எங்கே படிப்பது என்று கண் ஒரு தடவைகூடத் தடுமாறாது. கணினித் திரையில் ஒவ்வொரு கட்டமாகப் பெரிதாக்கிப் படிப்பவர்களுக்கு இந்தப் புத்தகத்தில் பாதி நஷ்டம். இதை விரித்து வைத்துத்தான் படிக்க வேண்டும். அச்சுப் பிரதி நம் ஊருக்கு வந்து சேர்வது தனிக் கதை. நான் இறக்குமதி செய்து வாங்கிய ஒரு பிரதி, அட்டை ஒரு மூலையில் மடங்கி, நடுவே நசுங்கி வந்து சேர்ந்தது. அனுப்பியவர்கள் "கலெக்டர் கண்டிஷன்" என்று பில்லில் போட்டிருந்தார்கள். தனி இதழ்களுக்கு அலைவதைவிடத் தொகுப்பாக வாங்குவது புத்திசாலித்தனம். முதல் தொகுதியின் பெயர் 'தி லாஸ்ட் அமேசான்'.

'அப்சல்யூட் சூப்பர்மேன்' பற்றிச் சுருக்கமாகச் சொன்னால், அவன் பிறந்த கிரகமான கிரிப்டானில் நடக்கிறவரை அருமை, பூமிக்கு வந்ததும் சுமார். ஜேசன் ஆரன் எழுத, ரஃபா சாண்டோவல் வரைகிறார். கிரிப்டானில் வர்க்கப் பிரிவினை இருக்கிறது, சூப்பர்மேனின் எல் குடும்பம் உழைக்கும் வர்க்கம். அவன் மார்பில் இருக்கும் அந்த 'எஸ்' சின்னமே உழைப்பாளிகளின் அடையாளம். கல்-எல் (சூப்பர்மேனின் கிரிப்டான் பெயர்) பூமிக்குக் கைக்குழந்தையாக வரவில்லை, விவரம் தெரிந்த வயதில் வருகிறான். அப்பா அம்மாவின் முகமும் குரலும் நினைவில் இருக்கின்றன. இது ஒரு நல்ல மாற்றம். மற்ற சூப்பர்மேன்களுக்கு கிரிப்டான் ஒரு தகவல், இவனுக்கு அது துக்கம். பிரேசில் சுரங்கத் தொழிலாளர்களோடு தலைமறைவாக வேலை செய்யும் முதல் இதழும் பிடித்தது. அப்புறம் லாசரஸ் கம்பெனி, அதன் கூலிப்படை, அதற்கு எதிர்ப்படை, பிரைனியாக், ராஸ் அல் கூல் மாதிரி வில்லன்கள் என்று ஆட்கள் சேர்ந்துகொண்டே போய், சுரங்கத் தொழிலாளர்கள் ஓரமாக ஒதுங்கிவிட்டார்கள். முதலாளியை எதிர்க்கும் கதையில் தொழிலாளிக்குப் பேச வாய்ப்பே இல்லை என்றால் எப்படி?

'அப்சல்யூட் ஃப்ளாஷ்', 'அப்சல்யூட் கிரீன் லான்டர்ன்' இரண்டும் 2025-இல் வந்தன. ஜெஃப் லெமியரின் ஃப்ளாஷில் நாயகனான பதின்ம வயது வாலி வெஸ்ட்டுக்கும் அவன் அப்பாவுக்கும் நடுவே இருக்கும் விரிசல் உண்மையாக இருக்கிறது. அல் யூயிங்கின் கிரீன் லான்டர்ன் இன்னும் எனக்குப் பிடிபடவில்லை, தொகுப்பாகப் படித்தால் பிடிபடலாம்.

'அப்சல்யூட் மார்ஷியன் மேன்ஹன்டர்' மட்டும் தனி ஜாதி. டெனிஸ் கேம்ப் எழுத, ஹாவியர் ரோட்ரிகெஸ் வரைந்து வண்ணமும் தீட்டுகிறார். 6 இதழ்களோடு முடிவதாக அறிவிக்கப்பட்டு, வரவேற்பைப் பார்த்து 12 ஆக்கப்பட்டது. ஜான் ஜோன்ஸ் ஓர் எஃப்பிஐ அதிகாரி. வெடிகுண்டுத் தாக்குதலில் பிழைத்த பிறகு, மனிதர்களின் தலையிலிருந்து நிறம் நிறமாகப் புகை எழுவது அவனுக்குத் தெரிகிறது. அது அவர்கள் மனதில் ஓடும் எண்ணம். மண்டைக்குள் ஒரு செவ்வாய்க் கிரகவாசி குடியேறிப் பேசத் தொடங்குகிறான். சாதாரணத் தெரு ஒன்றில் நடந்து போகிறவர்களின் தலைக்கு மேல் மஞ்சளும் ஊதாவும் பச்சையுமாகப் புகை பின்னிக்கொள்ளும் பக்கங்களைப் பார்த்தால், இந்தக் கதையை வேறு எந்த ஊடகத்திலும் சொல்ல முடியாது என்று தோன்றும். திரைப்படமாக எடுத்தால் கிராஃபிக்ஸ் என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவோம். இங்கே வண்ணத்தையே வசனமாகப் படிக்க வேண்டியிருக்கிறது.

இத்தனைக்கும் இது ஒரு குடும்பக் கதை. ஊரில் எல்லோருடைய மனதையும் படிக்க முடிந்தவன் வீட்டில் மனைவியோடும் மகனோடும் உட்கார்ந்து ஒரு வார்த்தை பேச முடியாமல் திணறுகிறான். வேற்றுக்கிரகவாசி நையாண்டி செய்துகொண்டே இருக்கிறான். சூப்பர்ஹீரோ என்றாலே அலர்ஜி என்பவர்களுக்கு நான் கொடுக்கும் முதல் புத்தகம் இனிமேல் இதுதான்.

மார்வெல் பக்கம் போனால், ஜோனதன் ஹிக்மன் எழுதி மார்க்கோ செக்கெட்டோ வரைந்து 2024 ஜனவரியில் ஆரம்பித்த 'அல்டிமேட் ஸ்பைடர்மேன்' நேர் எதிர்த்திசையில் போனது. இங்கே பிடுங்கவில்லை, கொடுத்தார்கள். மேக்கர் என்ற வில்லன் வரலாற்றில் கைவைத்து, பீட்டர் பார்க்கரைச் சிலந்தி கடிக்காமல் செய்துவிட்டான். அதனால் பீட்டர் தாடி வைத்த குடும்பஸ்தன். மேரி ஜேன் மனைவி, ரிச்சர்ட், மே என்று இரண்டு பிள்ளைகள். பழைய கதையில் செத்துப்போகும் பென் பெரியப்பா இங்கே உயிரோடு இருக்கிறார், இறந்தது மே பெரியம்மா. டோனி ஸ்டார்க் மூலம் அந்தச் சிலந்தி தாமதமாகக் கைக்கு வரும்போது, கடிக்க விடுவதா வேண்டாமா என்று பீட்டரே முடிவெடுக்க வேண்டும். பிள்ளைகுட்டிக்காரன் எடுக்கும் முடிவு அது, பதினைந்து வயதுப் பையனுக்கு நேர்ந்த விபத்து இல்லை.

முதல் உடை கறுப்பு. பயமாக இருக்கிறது என்று மகள் சொன்ன பிறகுதான் அது சிவப்பும் நீலமுமாகிறது. இப்படி ஒரு காரணம் இத்தனை வருடமாக யாருக்கும் தோன்றவில்லையே என்று சிரித்துக்கொண்டேன். 4-ஆம் இதழ் முழுக்க ஓர் உணவகத்தில் நடக்கிறது. பீட்டரும் மேரி ஜேனும், ஹாரி ஆஸ்போர்ன், க்வென் ஸ்டேசி தம்பதியும் சாப்பிட்டுக்கொண்டே பேசுகிறார்கள். ஒரு குத்துகூட இல்லை. யாருக்கு யாருடைய ரகசியம் எவ்வளவு தெரியும் என்று பார்வைகளிலேயே ஓடும். இன்னொரு பக்கம் பென்னும் பத்திரிகை ஆசிரியர் ஜே. ஜோனா ஜேம்சனும் வேலையை உதறிவிட்டுச் சொந்தமாகப் பத்திரிகை ஆரம்பிக்கும் கிளைக்கதை. அந்த இரண்டு கிழவர்களுக்கும் தனித் தொடரே கொடுத்திருக்கலாம்.

இந்தத் தொடரில் கதையின் காலமும் நம் காலமும் ஒன்றாக ஓடின. ஒரு இதழ், ஒரு மாதம். அடைபட்டிருக்கும் மேக்கர் வெளியே வர இரண்டு வருடம், அதுதான் கெடு. கெடு என்று ஒன்று வைத்த பிறகு எழுத்தாளர் ஊர் சுற்றக் கூடாது. ஹிக்மன் சுற்றினார். கிரேவன் என்ற வேட்டைக்காரன் வந்து பீட்டரையும் ஹாரியையும் டைனோசர்கள் திரியும் சாவேஜ் லேண்டுக்கு இழுத்துக்கொண்டு போன இதழ்களில் வீடு, பிள்ளைகள், சாப்பாட்டு மேசை எல்லாம் கண்காணாமல் போயின. டைனோசர் யாரிடம் வேண்டுமானாலும் கிடைக்கும், அந்தச் சாப்பாட்டு மேசை இங்கேதான் இருந்தது. வரிசை முழுவதையும் 2026-இல் முடித்துக்கொள்வதாக மார்வெல் அறிவித்தபோது பலர் கொதித்தார்கள். எனக்கு அதில் வருத்தமில்லை. சொன்ன கெடுவில் கடையைச் சாத்துகிற தைரியம் இந்தத் தொழிலில் அபூர்வம்.

டிசிக்கு அந்த மாதிரிக் கெடு எதுவும் கிடையாது, விற்கிறவரை ஓட்டுவார்கள். அதனால் பேட்மேன் பற்றித்தான் எனக்குக் கவலை. நிறுத்திவிடலாம் என்று தோன்றும்போதெல்லாம் நிறுத்த விடாமல் செய்வது அந்த ஜோக்கர். ஸ்னைடர் ஆரம்பத்திலேயே ஒன்றை நட்டுவைத்திருக்கிறார். புரூஸிடமிருந்து பிடுங்கியதெல்லாம் அவனிடம் போயிருக்கிறது. பரம்பரைப் பணம், உலகம் சுற்றிக் கற்ற வித்தைகள், எல்லாம். ஒரே ஒரு வித்தியாசம், இந்த ஜோக்கர் சிரிப்பதே இல்லை. பேனை ஏவிவிட்டவனும் இவன்தான். பேனோடு நடந்தது போல இவனோடும் யார் பெரியவன் என்ற மல்யுத்தத்தில் இறங்கினால் நான் கழன்றுகொள்வேன். அந்தப் பணம் எப்படி வந்தது, பேட்மேனின் கோத்தம் நகரத்தில் யாருடைய வயிற்றில் அடித்துச் சேர்ந்தது என்று ஒரு பொறியாளனும் அவன் அம்மாவும் தோண்ட ஆரம்பித்தால், புது இதழ்கள் வரும் புதன்கிழமைதோறும் காத்திருக்க நான் தயார்.